சங்கு விழுங்கிய வரி

ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று பொது ஜெபத்தைச் சொல்லும்போது அந்த ஆலயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். ஜெபம் நன்றாகத்தான் தொடங்கும். முன்வரிசை ஒன்றில் நிற்கும் ஒரு பெண்ணின் குரல் முன்னால் ஓட, மற்ற குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும். அன்றாட உணவைக் கேட்டு முடித்ததும் அந்தக் குரல் பட்டென்று நின்றுவிடும். பிறர் எங்களுக்குச் செய்த தவறுகளை நாங்கள் மன்னிப்பதுபோல நீர் எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் அது. முன்னே ஓடியது நின்றதும் பின்னே வந்தவை ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்ளும். சிலர் முணுமுணுப்பார்கள், சிலர் மென்று விழுங்குவார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகவே மணியடிக்கும் பெரியவர் ஒரு இருமல் வைத்திருந்தார். இருமல் முடிந்ததும் குரல் மறுபடி கிளம்பி, ஆமென் வரைக்கும் ஜோராக ஓடிப்போய் நிற்கும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைச் சபையில் எல்லாரும் 'சங்கு' என்றே கூப்பிட்டார்கள். ஆலைச் சங்கு. அவள் பிறந்து முதல்முறை அழுதபோது பிரசவம் பார்த்த நர்ஸ் போய் ஜன்னலைச் சாத்தினாள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்வாள். ஞாயிறு வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பார்த்தார், வாசலுக்கு அனுப்பிப் பார்த்தார், பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பிலேயே சன்னமான குரல் யாருடையதோ அவளைச் சங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிப் பாதியாப் பிரிச்சா ரெண்டு நல்ல பாட்டுக்காரிங்க கிடைப்பாங்க" என்றார்.

அந்தச் சன்னக் குரல்காரிதான் 'குருவி'. பார்க்கவும் குருவிதான், நிற்கிற இடத்தில் நில்லாமல் தத்திக்கொண்டே இருப்பாள். அன்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு பிரியவே இல்லை. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாகக் குறைந்த மார்க் வாங்கினார்கள், ஒன்றாக அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

பெயிண்ட் டின்களுக்கு மூடி அடிக்கிற தொழிற்சாலை அது. வரிசையாகப் பிரஸ்கள். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே குத்தில் மூடியாக்கிவிடும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அதாவது, அச்சு இறங்குகிற நொடியில் இரண்டு கையும் பொத்தான் மேல் இருந்தாக வேண்டும். உள்ளே கை இருக்க வழியே இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் எந்த நாட்டுக்காரனோ, மனிதர்களின் விரல்மேல் அக்கறை உள்ளவன்.

ஆனால் அந்த முறையில் தொழிற்சாலை கேட்ட அளவு மூடி அடிக்க முடியாது. ஒரு பொத்தானைக் கறுப்பு டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டால், ஒரு கை அழுத்திக்கொண்டே இருக்க இன்னொரு கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். டேப் ஒட்டுங்கள் என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. இத்தனை மூடி வேண்டும் என்றார்கள். சூப்பர்வைசர் தன் மேஜை இழுப்பறையிலிருந்து டேப் சுருளை எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தைக் கைகளே புரிந்துகொண்டன. விபத்து நடந்தால் மட்டும், டேப் என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அந்த நிர்வாகத்துக்குத் தெரியாது, ஒட்டியவள்தான் குற்றவாளி.

பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து போகிறவள் பொத்தானிலிருந்து டேப்பைப் பிரித்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, அடுத்து வருகிறவளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவாள். அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? உருண்டை கையில் விழுந்தால் பொத்தான் சுத்தம். அவரவர் அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள்.

அன்று குருவி போகிறவள், சங்கு வருகிறவள். குருவி உருண்டையை வைத்தாள், சிரித்தாள், தத்திக்கொண்டு ஓடினாள். உருண்டை கையில் இருக்கும்போது பொத்தானை யார் குனிந்து பார்ப்பார்கள்? சங்கு முதல் தகட்டை இடது கையால் சரிசெய்தாள். வலது கை சும்மா ஒரு ஆதரவுக்காகப் பொத்தான்மேல் சாய்ந்தது. இடது பொத்தானில் டேப் அப்படியே இருந்தது.

தொழிற்சாலையின் நிஜச் சங்கு அதற்காக ஊதவில்லை. ஊதியிருந்தாலும் அவள் கத்தியதில் அது கேட்டிருக்காது. இரண்டு விரல்கள் போயின.

உள் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். குருவி தலையைக் குனிந்துகொண்டு, "நான் டேப்பப் பிரிச்சுட்டேன். உருண்டைய அவ கையில குடுத்தேன்" என்று சொன்னாள். அப்படியானால் மறுபடி ஒட்டியது யார்? சங்குதான். கதை முடிந்தது. கவனக்குறைவான தொழிலாளி என்று சொல்லி அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளைப் பார்க்கக் குருவி வந்தபோது சங்கு ஒரே வரி சொன்னாள். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன், போடி!" அடுத்த வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் போதகர் ஆப்பிள் பையோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சிலேயே நடக்கிற நல்ல மனிதர். "மேனேஜர் வந்திருந்தாரும்மா. ரொம்ப வருத்தப்பட்டார். நாம விசுவாசிகள், புகார் வழக்குன்னு அலைய வேண்டாம். மன்னிச்சு விட்டுடும்மா" என்றார்.

கட்டில் ஓரத்தில் சங்கின் அண்ணன் உட்கார்ந்திருந்தான். புத்தகம் பைண்டு செய்கிறவன். பைண்டுக்கு வருகிற எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தைப்பான். கடவுள் இல்லை என்பதில் அவனுக்கு இருந்த உறுதி, கடவுள் உண்டு என்பதில் போதகருக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்த மேனேஜர்கிட்ட 'மனந்திரும்பு'ன்னு சொன்னீங்களா? இல்ல, உபதேசமெல்லாம் விரல் போனவங்களுக்கு மட்டும்தானா?"

போதகர் ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரத்திலிருந்துதான் சங்கு அந்த வரியை விழுங்கினாள். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அதில் மேனேஜரின் சென்ட் வாசனை அடித்தது. இயேசுவின் வாயிலிருந்து வந்த சொல்லைத் தொழிற்சாலைக்காரன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று தோன்றியது. கோபத்தை விட்டுவிடவும் பயமாக இருந்தது. இத்தனை பேர் இருந்த கூடத்தில் அவள் பக்கம் சாட்சி சொன்னது அவளுடைய கோபம் ஒன்றுதான். அதையும் அனுப்பிவிட்டால் நடந்தது நிஜம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

குருவி ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே நழுவிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் அந்த மௌனம் முன்வரிசையிலிருந்து கிளம்பி நேராகக் கடைசி பெஞ்சில் போய் விழும். யார்மேல் விழுகிறது என்று சபைக்கே தெரியும். சங்குக்கும் தெரியும். தெரிந்துதான் எறிந்தாள்.

விரல் போனால் என்ன, குரல் இருக்கிறதே. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. சேர்ந்த வாரத்தில் ஒருநாள் மைக் கெட்டுப்போயிற்று. மாலைவரை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. தாமதமாகக் கிளம்புகிற டிரைவரை அவள் ஊரறியத் திட்டுவாள் என்பதால் பயணிகளுக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஒரு காலை, நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா அறிவிப்பு அறைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"சங்கு, ராத்திரி ஷிப்டுல மறுபடி ஆயிடுச்சுடி! அதே பிரஸ். புதுசா சேர்ந்த பொண்ணு. விரல் நுனி போச்சு. எல்லாரும் மெஷின நிறுத்திட்டு முற்றத்துல உக்காந்துட்டோம்!"

சங்கு எழுந்துவிட்டாள். "நிறுத்திட்டீங்களா? எல்லாருமா?"

"எல்லாரும்! அரசாங்கத்துலேர்ந்து ஆய்வாளர் அம்மா வந்திருக்காங்க. உள்ள மேனேஜர் என்ன சொல்றான் தெரியுமா? டேப் ஒட்டுற கெட்ட பழக்கத்த ஆரம்பிச்சதே நீதானாம். உன்னைத் துரத்தியும் உன் பழக்கம் போகலையாம்."

"அடப்பாவி!"

"கேளுடி. உன் கை போனப்ப, அந்தப் பொத்தான்லேர்ந்து டேப்ப அவசர அவசரமா சூப்பர்வைசர்தான் பிரிச்சு எடுத்தாராம். சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்த குருவி கண்ணால பாத்திருக்கா. இவ்வளவு நாள் கழிச்சு, காலையில நாங்க போய் அவ கதவத் தட்டினப்பதான் வாயத் திறந்தா. அவ அன்னைக்குச் சொன்ன பொய் நிக்கிற வரைக்கும் நாங்க கத்துறது எதுவும் எடுபடாது. அவ வந்து சொல்லணும்."

"சொல்லச் சொல்லு."

"வீட்டத் தாழ் போட்டுக்கிட்டு உள்ளயே கிடக்கா. மேனேஜர் முன்னாடிகூட நின்னுடுவாளாம், உன் முன்னாடி நிக்க முடியாதாம். 'சங்கு வந்து கூப்பிட்டா வருவேன், ஆனா அவ வர மாட்டா'ன்னு உள்ள இருந்தே சொல்றா. நீ வா. ஆய்வாளர் கிளம்புறதுக்குள்ள வா!"

சங்கின் முகம் இறுகியது. "நான் அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னவ. முழிக்க மாட்டேன்!"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, மைக் திறந்தே இருந்தது. வெளியே பஸ் நிலையம் முழுக்க அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போங்கக்கா! நாங்க பாத்துக்கறோம்!" என்று கத்தினார். ஒரு பயணி மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எத்தனாம் நம்பர் பஸ்ஸுக்கு?" என்று விசாரித்தார்.

மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது அண்ணன் மொபெட்டோடு நின்றான். அவனுக்கும் ஆள் போயிருந்தது. அக்காவைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டுச் சங்கு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

மொபெட் சந்துகளில் புகுந்து பறந்தது. அண்ணன் தலையைத் திருப்பாமலே கத்தினான். "நீ ஒண்ணும் உருக வேண்டாம். 'மன்னிச்சுட்டேன், வாடி'ன்னு ரெண்டு வார்த்தை சும்மா விட்டெறி. அவ வந்து சாட்சி சொல்லட்டும். அப்புறம் ஆயுசு பூரா பேசாம இரு. யார் கேக்கப்போறா?"

"பொய்யா மன்னிக்கச் சொல்றியா?"

"நல்ல காரியத்துக்குத்தானே?"

"ஏற்கெனவே அந்த இடத்துல ஒரு பொய் உருண்டை கை மாறியிருக்குண்ணா. நானும் ஒண்ணு குடுக்கவா?"

அண்ணன் ஒரு பள்ளத்தைத் தாண்டிவிட்டுக் கேட்டான். "அப்ப நிஜமாவே மன்னிப்பியா?"

அவளுக்கு இல்லாத விரல்கள் இரண்டும் அரித்தன. எப்போதும் அப்படித்தான், கோபம் வந்தால் இல்லாததுதான் முதலில் அரிக்கும். ஆண்டவரே, என்னால முடியல என்று உள்ளுக்குள் சொன்னாள். அவள் உள்ளுக்குள் சொன்னதுகூட அண்ணனுக்குக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. அவ வந்து காலில் விழட்டும், கை வலி நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்தேன். எதுவும் நடக்கல.

கையைப் பார்த்தாள். இத்தனை வாரங்கள் ஆலயத்தில் சிலுவையைப் பார்த்து நின்றவளுக்கு அந்த ஓட்டத்தில்தான் ஒன்று சுரீர் என்று பட்டது. அவரும் கையில் அடிபட்டவர்தான். காயம் ஆறி, தழும்பாகி, அடித்தவன் வந்து கெஞ்சி, அதற்கப்புறம் அவர் மன்னிக்கவில்லை. ஆணி கையில் இருந்தது. அடித்தவர்கள் சுத்தியலைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. வலி இருக்கும்போதே, வலிக்கிற கையோடேயே மன்னித்தார். அப்படியானால் வலி போன பிறகுதான் என்று அவள் வைத்திருந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது?

"அண்ணா!" என்று அவள் கத்தியதில் மொபெட் ஆடியது.

"காதுலயே கத்தாதடி! என்ன?"

"மன்னிக்கிறேன்னு சொன்னா, நீ தப்பு பண்ணினன்னு சொல்றதாத்தானே அர்த்தம்? தப்பே நடக்கலன்னா மன்னிக்க என்ன இருக்கு?"

"ஆமா. அதுக்கு?"

"அப்ப அந்த மேனேஜர் என்கிட்ட கேட்டது மன்னிப்பே இல்லண்ணா! ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லச் சொல்லியிருக்கான்! இயேசு எங்கயாவது ஒண்ணும் நடக்கலன்னு சொன்னாரா? ஊர் நடுவுல, எல்லாரும் பாக்க, நடந்தத வச்சுக்கிட்டேதானே மன்னிச்சாரு!"

அண்ணன் ஹாரனை அடித்து ஒரு ஆட்டை விலக்கினான். "உங்க ஆளு பரவாயில்லையே. இத ஏன் அந்தப் போதகர் சொல்லவே மாட்டேங்கிறாரு?" என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு சாட்சியை எந்தச் சபையும் எதிர்பார்க்க முடியாது.

குருவியின் வீடு மாடிக்கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்தது. படியேறி முடிப்பதற்குள் சங்கு பாதி உயிராகிவிட்டாள். கதவைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. மிக மெதுவாக, இரகசியமாக, "குருவி, நான்தான்டி" என்றாள்.

கட்டடம் முழுக்க நாய்கள் குரைத்தன.

"கத்தாதடி!" என்று உள்ளிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"நான் மெதுவாத்தான் பேசுறேன்! கதவத் திற!"

"நீ திட்டத்தான் வந்திருக்க."

"இல்லடி, நான்..." என்று சங்கு தொடங்கினாள். மொபெட்டில் வரும்போது அழகாக இருந்த வார்த்தைகள் தொண்டைக்கு வந்ததும் தலைகீழாகின. "ஏன்டி அப்படிச் செஞ்ச? எந்த உருண்டையடி என் கையில வச்ச? உன்ன நம்பித்தானேடி குனிஞ்சுகூடப் பாக்கல! சின்ன வயசுலேர்ந்து பக்கத்துலயே நின்னவதானேடி நீ!"

கீழ்த்தளத்தில் கதவுகள் திறந்தன. அண்ணன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். கெட்டது காரியம்.

ஆனால் உள்ளே தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் அழுகை கேட்டது. "அது முந்தின நாள் உருண்டைடி. மேலங்கிப் பையில கிடந்துச்சு. சூப்பர்வைசர் நாள் பூரா கத்திக்கிட்டே இருந்தாரு. சீக்கிரம் போனாப் போதும்னு இருந்துச்சு. டேப்பப் பிரிச்சுட்டோம்னே நினைச்சேன். கை பைக்குள்ள போச்சு, உருண்டை வந்துச்சு, வச்சுட்டேன். சத்தியமாடி, தெரியாமத்தான்."

"அது தெரியாம. விசாரணையில?"

நீண்ட மௌனம். சங்கு அந்த மௌனத்தை அடையாளம் கண்டுகொண்டாள். வாரா வாரம் தான் எறிந்ததும் இதே கல்தான்.

"அது தெரிஞ்சுதான்" என்றாள் குருவி. "நிஜத்தச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போகும், இதச் சொன்னா ஒருத்தியோட போகும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அந்த ஒருத்தி நானா இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்டி. பூசி மெழுக ஒண்ணும் இல்ல."

சங்கு கதவில் நெற்றியைச் சாய்த்தாள். இது பொய் உருண்டை இல்லை. இதை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்ல முடியாது. கோபம் போகவில்லை, நெஞ்சுக்குள் அப்படியே நின்றது. ஆனால் இப்போது அது காவல் நிற்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தது என்று சொல்ல இன்னொரு வாய் கிடைத்துவிட்டது. இயேசுவே, கூட நில்லும் என்றாள்.

"நீ எனக்குப் பண்ணினது பெரிய துரோகம்டி."

"ஆமா."

"கை இன்னும் வலிக்குது."

உள்ளே தாழ்ப்பாளில் கை படும் சத்தம் கேட்டது.

"வலிக்கிறப்பவே சொல்றேன். உன்ன மன்னிச்சுட்டேன். கதவத் திறடி, குருவி."

தாழ்ப்பாள் விழுந்தது. குருவி இன்னும் சின்னதாகியிருந்தாள். சங்கு தன் இடது கையை, விரல் குறைந்த அந்தக் கையை, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள். ஷிப்டு மாறும்போது நீட்டுவார்களே, அதே மாதிரி.

குருவி பார்த்தாள். "என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லடி."

"இல்லன்னு சொன்னியே, அது போதும். அன்னைக்கும் இதத்தான் சொல்லியிருக்கணும்."

குருவி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதில் முகத்தைப் புதைத்தாள். கீழ்த்தளத்தில் யாரோ கைதட்டினார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அழுறதெல்லாம் வழியில வச்சுக்கலாம். ஆய்வாளர் கிளம்பிடப் போறாங்க!" என்று அதட்டினான்.

கீழே வந்தால் மொபெட் மூன்று பேரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப மறுத்தது. அண்ணன் உதைத்தான், திட்டினான், மறுபடி உதைத்தான். அப்போது தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. நிறுத்தமே இல்லாத இடம். சங்கு நடுரோட்டில் நின்று ஒரே குரல் கொடுத்தாள். பஸ் நின்றது. டிரைவர் சிரித்தார். "காலையில மைக்குல கேட்டேன்க்கா. ஏறுங்க! இன்னைக்கு நடுவுல எங்கயும் நிறுத்தமாட்டேன்." உள்ளே இருந்த பயணிகளில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. கதை தெரியாமல் யாரும் இறங்குவதாக இல்லை. அண்ணன் மட்டும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடிவந்தான்.

தொழிற்சாலை வாசலில் அவர்கள் குதித்தபோது ஆய்வாளரின் கார் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜரும் சூப்பர்வைசரும் வழியனுப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. முற்றத்தில் பெண்கள் சோர்ந்து போய் எழுந்துகொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரலுக்காகத்தான் ஆண்டவர் அவளுக்கு அந்தத் தொண்டையைக் கொடுத்தார் என்று பேக்கிங் அக்கா பிறகு சொன்னாள். கார் நின்றது. பின்னால் வந்த லாரியும், எதிரே வந்த சைக்கிளும்கூட நின்றன.

ஆய்வாளர் அம்மா இறங்கி வந்தார். சங்கு ஒரு அடி பின்னால் நகர்ந்து குருவியை முன்னால் நிறுத்தினாள். குருவி பேசினாள். சன்னக் குரல். முற்றத்தில் இருந்த அத்தனை பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டதில் அது போதுமான அளவுக்குக் கேட்டது. டேப் எந்த இழுப்பறையிலிருந்து வந்தது, டேப்பைப் பிரிக்காமல் தான் எந்த உருண்டையைக் கொடுத்தாள், இரத்தம் காயும் முன்பே பொத்தானிலிருந்து டேப்பைப் பிரித்த கை யாருடையது, விசாரணையில் தான் என்ன பொய் சொன்னாள், ஏன் சொன்னாள். தன்னைக் காப்பாற்றும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

"இவ சொல்றத நம்பாதீங்க மேடம்!" என்று சூப்பர்வைசர் பாய்ந்தார். "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு!"

"அன்னைக்குச் சொன்னது உங்களுக்குப் பயந்து. இன்னைக்கு யாருக்குப் பயந்தும் இல்ல" என்றாள் குருவி.

"நானும் சொல்றேன் மேடம், டேப் அவரு இழுப்பறையிலதான் இருக்கு" என்று பேக்கிங் அக்கா எழுந்தாள். பிறகு பிரஸ் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பைகளிலிருந்து உருண்டைகள் வெளியே வந்தன. ஒருத்தி தரையில் போட, அடுத்தவள் போட, கொஞ்ச நேரத்தில் ஆய்வாளரின் செருப்புக்கு முன்னால் கறுப்பாய் ஒரு குவியல் கிடந்தது.

மேனேஜர் சங்கின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, பழைய பாடத்தை எடுத்தார். "ஆலயத்துக்குப் போறவங்க நீங்க. மன்னிக்கிறதுதானே..."

"மன்னிச்சுட்டேன் சார்! இவள மன்னிச்சுட்டேன்!" என்று சங்கு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "அதனாலதான் இவளால இன்னைக்கு நிஜத்தப் பேச முடிஞ்சுது. மன்னிப்புக்கு நிஜம் வேணும் சார். உங்களையும் மன்னிக்கணும், எனக்குக் கட்டளை இருக்கு. இன்னும் வரல. ஜெபம் பண்றேன். அதுவரைக்கும் நீங்க மேடம் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் லாரிக்காரரும் சேர்ந்துகொண்டார். அப்போதுதான் மொபெட்டோடு வந்து சேர்ந்த அண்ணன், "என்ன நடந்துச்சு? நான் எத விட்டுட்டேன்?" என்று வியர்க்க வியர்க்கக் கேட்டான்.

அன்றே பிரஸ்களுக்குச் சீல் வைத்தார்கள். விசாரணை மறுபடி தொடங்கியது; குருவியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; இழுத்தடிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், விரல் போன புதுப்பெண்ணின் கட்டிலைச் சுற்றி அந்த வாரம் முழுக்க ஆட்களும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. போதகரும் போனார். ஆப்பிள் பையோடு அல்ல. அவளுக்காகச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிற பெண்கள் கூடிப் பேச ஆலயக் கூடத்தைத் திறந்து தருவதாகச் சொல்லப் போனார். கடைசியாக அவரிடம் பேசியவன் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கு தன் வரிசைக்குப் போகவில்லை. கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் போய்க் குருவிக்குப் பக்கத்தில் நின்றாள், ஞாயிறு வகுப்பில் நின்ற மாதிரி. வாசலுக்கு வெளியே, உள்ளே வர மாட்டேன் ஆனால் மொபெட்டுக்குக் காவல் வேண்டும் என்ற சாக்கில் அண்ணன் நின்றான்.

ஜெபம் கிளம்பியது. குரல் இன்று பின்னாலிருந்து எல்லாரையும் தள்ளிக்கொண்டு போனது. அன்றாட உணவைக் கேட்டு முடித்தார்கள். சபை முழுக்கப் பழக்க தோஷத்தில் பட்டென்று நின்றது. இத்தனை வாரங்களில் எல்லாருமே அந்த இடத்தில் வாயை மூடக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

சங்கு நிற்கவில்லை.

அந்த வெறுமைக்குள் அவள் குரல் மட்டும், மன்னிப்பைக் கொடுத்தும் கேட்டும், ஜன்னல் கண்ணாடிகள் அதிர எழுந்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சன்னக் குரல் இருந்ததை அந்த பெஞ்சில் நின்றவர்கள் மட்டும் கேட்டார்கள். முன்னால் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. மணியடிக்கும் பெரியவர் வழக்கம்போல இருமத் தயாராக வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு அப்படியே நின்றார்.